ஒரு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன்: பழைய மின்பொருள் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை ஓர் அபராத அறிவிப்பு வீடு தேடி வந்தது. பொது இடத்தில் ஆபத்தான கழிவைக் கொட்டினேனாம். என் பெயர், என் முகவரி, எழுத்துப் பிழைகூட இல்லை. பஸ் டிக்கெட்டைக்கூடத் தெருவில் போடாமல் கைப்பையில் வைத்து வீட்டுக் குப்பைக்கூடை வரை கொண்டுவருகிறவள் நான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டு, பழைய மின்பொருள்களை ஏமாறாமல் கொடுப்பது எப்படி என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நஷ்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரை மாதச் சம்பளம்.

வீட்டை ஒழிக்க ஆரம்பித்ததில்தான் இது தொடங்கியது. பரணிலிருந்து இறங்கியவை: ஒரு படக்குழாய் டிவி, இரண்டு மடிக்கணினிகள், நான்கு கைப்பேசிகள், மை உறைந்துபோன ஒரு பிரிண்டர், எதற்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி நிறைய வயர்கள். கைப்பேசி ஒன்றின் பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இவற்றை அன்றாடக் குப்பையோடு போடக்கூடாது, தனியாக வந்து எடுக்கக் கட்டணம் உண்டு என்றார்கள். கணக்குப் பார்த்தேன். கிட்டத்தட்ட என் ஒரு நாள் சம்பளம். ‘குப்பையைக் கொடுக்க நாம் காசு தருவதா?’ என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் அம்மா சொல்வார். இங்கே சுண்டைக்காயே என்னுடையது, சுமைகூலியும் என்னுடையது.

பழைய மின்பொருள்களை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு நமக்குப் பணமும் தரும் வகைச் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, வழக்கு, நோட்டீஸ் என்று இன்னொரு தலைவலி எனக்கு வேண்டாம். பச்சை நிறம், இலை படம், பூமி உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள். இந்த வகையில் எல்லாவற்றுக்கும் அதே இலைதான். உள்ளே போனதும் ‘உங்கள் பழைய கைப்பேசியில் தங்கம் இருக்கிறது’ என்று ஓர் அறிவிப்பு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களே பழைய கைப்பேசி முதலான மின்சாதனங்களிலிருந்து எடுத்த உலோகங்களில் செய்யப்பட்டவை என்ற செய்தியும் கூடவே. செய்தி உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை நான் ஏமாந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 2017 முதல் 2019 வரை ஜப்பான் முழுவதும் திரட்டிய சிறு மின்சாதனங்கள் சுமார் 78,985 டன், அதற்கு மேல் சுமார் 62 லட்சம் கைப்பேசிகள். இத்தனையிலிருந்தும் கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. அதாவது கிலோவுக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. அந்த விகிதத்தில் பார்த்தால், என் பரண் சரக்கு மொத்தத்தையும் உருக்கினாலும் ஒரு மூக்குத்தியின் திருகாணிக்குப் போதாது. நான் கண்ட தங்கக் கனவுக்கு அளவே இல்லை.

வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அவரிடம்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சீருடை, கையுறை, கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றினார். உப்பிய பேட்டரியைப் பார்த்ததும் ‘அக்கா, இதை அழுத்திவிடாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும்’ என்று சொல்லிப் பையிலிருந்து டேப்பை எடுத்து அதன் முனைகளை ஒட்டினார். மணல் போட்ட ஒரு சிறு டப்பாவில் குழந்தையைக் கிடத்துவது போல அதை வைத்தார். லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும் கதைகளைச் சொன்னார். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை உடைக்காமல் பிரிக்க வேண்டும் என்றார். எல்லாமே சரியான தகவல்கள். பிறகு தேடிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. பேட்டரிக்கு டேப் ஒட்டுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். அந்த ஒரு துண்டு டேப்புக்கு நான் கொடுத்த விலை அரை மாதச் சம்பளம்.

மடிக்கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். ‘கழற்றினால் மதிப்பு குறையும் அக்கா. எங்கள் கிடங்கில் இயந்திரத்தில் போட்டு நொறுக்கிவிடுவோம், வீடியோவும் சான்றிதழும் அனுப்புவோம்’ என்றார். சரி என்று தலையாட்டினேன். கோப்புகளை எல்லாம் முன்தினமே அழித்திருந்தேன், குப்பைத்தொட்டி வரை காலி செய்திருந்தேன், அந்தத் தைரியம்.

பிறகு பணப் பேச்சு. ஆபத்தான பேட்டரி இருப்பதால் ‘பாதுகாப்பு முன்பணம்’ கட்ட வேண்டும். எடை போட்டுத் தரம் பிரித்ததும் பொருள்களின் விலையோடு சேர்த்து 7 நாளில் கணக்கில் ஏறிவிடும். படக்குழாய் டிவிக்குத் தனியாக ஒரு கையாளும் கட்டணம், அது திரும்பாது. என் கணவர் உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘பொருளை வாங்குகிறவன் எதற்குக் காசு கேட்கிறான்?’ நான்தான் அவரை அடக்கினேன். ‘உங்களுக்கு எல்லாரும் திருடர்கள்தான்’ என்று வேறு சொன்னேன். அந்த மனிதர் அதை இன்று வரை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஏழு நாள் ஆனது, பணம் வரவில்லை. வீடியோ வந்தது. பற்கள் சுழலும் இயந்திரம், உள்ளே விழும் ஹார்ட் டிஸ்க், நொறுங்கும் சத்தம். நிம்மதியாக இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. மடிக்கணினிக்குள் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க். வீடியோவில் விழுந்தது மேசைக் கணினிக்குரிய, தடிமனான மூன்றரை அங்குல டிஸ்க். யாருடையதோ, எந்தக் காலத்திலோ, எங்கேயோ நொறுக்கியது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. செயலியின் உரையாடல் பெட்டியில் எழுதினால், ‘உங்கள் திருப்தியே எங்கள் மூச்சு’ என்று ஒரு தானியங்கிப் பதில். மறுநாள், ‘எடை போடும் பணி நடைபெறுகிறது’. மூன்று நாள் கழித்து அதே வாக்கியம், இந்த முறை கைகூப்பும் படத்தோடு. ஐந்தாம் நாள் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் மாறியிருந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? கேட்கலாம் என்றால், தீர்ந்த புகாருக்குப் பதில் எழுத வழியில்லை. புதிய புகார் கொடுத்தேன். ‘இதே பொருள் குறித்து ஏற்கெனவே ஒரு புகார் தீர்க்கப்பட்டுள்ளது’ என்று அதையும் மூடினார்கள்.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன். ஒரு பெண் எடுத்தார். பாவம், அவரும் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தார். ‘மேடம், பொருள்களை எடுப்பவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள். நாங்கள் உங்களையும் அவர்களையும் இணைக்கும் பாலம் மட்டுமே.’ முன்பணம் உங்கள் செயலி வழியாகத்தானே போனது என்றேன். ‘பாலத்தின் வழியாகப் போனது மேடம்’ என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பையனின் எண்ணுக்கு அழைத்தேன். முதல் முறை ‘நாளைக்கு அக்கா’. இரண்டாம் முறை ‘எந்த அக்கா?’ மூன்றாம் முறையிலிருந்து எண் உபயோகத்தில் இல்லை. சான்றிதழில் இருந்த பதிவு எண்ணை, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களின் பொதுப்பட்டியலில் தேடினேன். அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதைத் தேட எனக்கு மூன்று நிமிடம் ஆனது. பொருளைக் கொடுப்பதற்கு முன்பு தேடியிருந்தாலும் அதே மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும்.

பிறகு நேற்று அபராதம். நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்தில் என் டிவி கிடந்திருக்கிறது, பக்கத்திலேயே வயர்கள் போட்டுக் கொடுத்த கூரியர் பெட்டி, அதன் மேல் என் பெயரும் முகவரியும். அறிவிப்போடு இணைத்திருந்த புகைப்படத்தில் பின்மூடியைப் பிளந்து, குழாயின் கழுத்தைச் சுற்றியிருந்த தாமிரச் சுருளை மட்டும் உருவியிருந்தார்கள். பிரிண்டர், மடிக்கணினி எதுவும் அங்கே இல்லை. விலை போவதை வைத்துக்கொண்டார்கள். படக்குழாய்க் கண்ணாடியை யாரும் சீந்துவதில்லை என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பு அதை உருக்கிப் புதுப் படக்குழாய் செய்தார்கள். படக்குழாய் தயாரிப்பே நின்றுபோனதும் அந்தக் கண்ணாடிக்குச் சந்தை இல்லை. முறையாகப் பிரித்து ஒழிக்கப் பணம் செலவாகும். பள்ளத்தில் தள்ளினால் செலவில்லை. நான் மிச்சம் பிடிக்க நினைத்த அதே செலவைத்தான் அவர்களும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது கோபம் சற்று என் பக்கமும் திரும்புகிறது.

2022-ல் உலகம் முழுவதும் உருவான மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா.வின் 2024 அறிக்கை சொல்கிறது. மீதி எங்கே போகிறது என்று யாராவது கேட்டால், ஒரு டிவியின் முகவரியை என்னால் சொல்ல முடியும்.

அபராதத்தைப் புகைப்படம் எடுத்துச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினேன். அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்தில் மனிதர் எழுதிய பதில் வந்தது: ‘பொருள்களை ஒப்படைத்த நொடியிலிருந்து அவற்றின் உரிமை தங்களுடையது அல்ல, ஆகவே அவை குறித்துப் புகார் அளிக்கத் தாங்கள் தகுதியற்றவர்.’ அபராதம் விதித்த அலுவலகத்திலோ, கழிவு யாருடையதோ அவர்தான் பொறுப்பு, அனுமதியில்லாதவரிடம் கொடுத்தது உங்கள் தவறு என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வாதாட முடியவில்லை. ஆக, புகார் கொடுக்கப் போனால் டிவி என்னுடையது இல்லை. அபராதம் கட்டப் போனால் என்னுடையது. முன்பணம், டிவிக் கட்டணம், அபராதம், பள்ளத்திலிருந்து தூக்கிய கூலி, எல்லாம் கூட்டினால் அரை மாதச் சம்பளம். பதினைந்து நாள் உழைப்பு!

பணத்தைவிடப் பயமுறுத்துவது அந்த இரண்டு டிஸ்க்குகள். கோப்பை அழிப்பது என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது போலத்தானாம்; மேலே வேறு எதையாவது எழுதும் வரை அத்தியாயங்கள் உள்ளேயே இருக்குமாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129, ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. என் வங்கி அறிக்கைகள், கணவரின் மருத்துவ அறிக்கைகள், மகளின் சிறுவயதுப் படங்கள். எவன் கையில் இருக்கின்றனவோ.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பொறுமை தீர்ந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க்கைக் கழற்றாமல் மடிக்கணினியைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சில திருகுகள்தான், முடியாவிட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கைப்பேசியென்றால் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக ரீசெட் செய்யுங்கள். முன்பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்துங்கள். பதிவு எண்ணைப் பட்டியலில் பாருங்கள், மூன்று நிமிடம். புதியது வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பல நாடுகளில் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முகவரி ஒட்டிய பெட்டியில் எதையும் போட்டுக் கொடுக்காதீர்கள். தனியாக வந்து எடுக்கக் கட்டணம் கேட்டால் கட்டித் தொலையுங்கள்.

அபராதத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு. இன்னும் மாற்ற வேண்டிய கடவுச்சொற்கள் பதினொன்று இருக்கின்றன. அந்த வேலையைப் பார்க்கப் போகிறேன்.