குட்டியா, வயசான நாயா, நடக்க முடியாத நாயா?

போன மாதம் சேலம் கன்னங்குறிச்சியில் இருந்து ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவருக்கு 66 வயது, அந்த அம்மாவுக்கு 61. பிள்ளைகள் பெங்களூரில். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். சொந்தக்காரர் வீட்டில் லேப்ரடார் குட்டி போட்டிருக்கிறது. தெரிந்த ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது, அவர்களுடைய 9 வயது பொமரேனியனுக்கு இடம் தேடுகிறார்கள். மூன்றாவது, ஏற்காடு அடிவாரத்தில் வண்டியில் அடிபட்டு இரண்டு பின்னங்கால்களும் செயலிழந்த ஒரு தெருநாய். கோரிமேட்டில் எங்கள் வீட்டில் இந்த மூன்று வகையும் வளர்ந்திருப்பதால் என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் பேசியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

குட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டி என்றால் எல்லாருக்கும் ஆசை, அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த முதல் வருஷம் முழுநேர வேலை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு மாதம் வரைக்கும் ஊசிதான், மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி. ஊசிகள் முடிவதற்குள் தெருவில் இறக்கினால் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிடும் என்ற பயம் வேறு. எங்கள் குட்டி மணிக்கு வந்தது. ரத்தமாகப் பேதி, ஐந்து நாள் குளுக்கோஸ், தூக்கமே இல்லை. பிழைத்துக்கொண்டான். அதற்கப்புறம் செருப்பு, சோபா, வாஷிங் மெஷின் பைப் என்று கிடைத்ததையெல்லாம் கடித்தான். நான் அப்போது முப்பதுகளில் இருந்தேன், ஓடிப் பிடிக்க முடிந்தது. லேப்ரடார் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், வளர்ந்தால் 30 கிலோ. 66 வயதில் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூக்கனேரிக் கரையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

வயசான நாயின் கதை வேறு. ஜூலி எங்களிடம் வந்தபோது பல்லைப் பார்த்து எட்டு வயதுக்கு மேல் என்றார் மருத்துவர். கழுத்தில் நல்ல தோல்பட்டை இருந்தது, நகம் வெட்டியிருந்தது. யாரோ வளர்த்து, மலைக்குப் போகிற வழியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைக்கு அது ஒரு வேளை டிபன் காசு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"இந்த வயசான நாயை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற கண்ணு? நாலு நாள்ல போயிரும், அப்புறம் நீதான் அழுவ" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதில் பாதி சரி, அழத்தான் செய்தேன். ஆனால் அது நாலு வருஷம் கழித்து.

ஜூலி வந்த முதல் நாளே வீட்டுக்குள் அசிங்கம் செய்யவில்லை. கதவருகே போய் நின்றாள். உட்கார் என்றால் உட்கார்ந்தாள். குட்டிக்கு ஒரு வருஷம் சொல்லிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் வேறு யாரோ சொல்லிக் கொடுத்து முடித்திருந்தார்கள். வயசான நாயை எடுப்பதில் பெரிய லாபம் இதுதான். குட்டி வளர்ந்து எப்படிப்பட்டதாக ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயசான நாயின் குணம் முழுசாக உங்கள் கண் முன்னால் நிற்கும்.

ஒரே ஒரு பழக்கம்தான் மனசை அறுத்தது. தெருவில் எந்தக் கார் ரிவர்ஸ் எடுத்து அந்த மியூசிக் வந்தாலும் எழுந்து கேட்டுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டும் போவாள். வண்டி நகர்ந்த பிறகும் கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருப்பாள். ஏறக்குறைய நாலு மாதம் இப்படி. ஒருநாள் மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். எதிர்வீட்டுக் கார் ரிவர்ஸ் எடுத்தது. தலையைத் தூக்கினாள், காதை நிமிர்த்திக் கேட்டாள், பிறகு அதே பாதத்தின் மேல் திரும்ப வைத்துக்கொண்டாள். நான் அசையாமல் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குட்டி யாரிடம் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். இவள் ஒருமுறை ஏமாந்த பிறகும் என்னை நம்பினாள்.

செலவு? உண்டு. வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் எடுத்துக் கிட்னி, லிவர் பார்க்க வேண்டும். பல்லில் காறை பிடித்துச் சீழ் வைக்கும். கண்ணில் நீலமாகப் புகை படிந்தால் எல்லாரும் கண்புரை என்று பயப்படுகிறார்கள், பெரும்பாலும் அது வயசானால் லென்ஸ் தடிப்பதுதான், பார்வை அதிகம் போகாது. மருத்துவரிடம் காட்டி எது என்று தெரிந்துகொண்டால் போதும். மூட்டுவலிக்கு நம் வீட்டு டப்பாவில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துவிடும். டைல்ஸ் தரையில் பழைய சாக்கோ ஜமுக்காளமோ விரித்தாலே பாதி வலி குறையும், வழுக்காமல் எழுந்து நிற்கும்.

கருத்தடை செய்யாத பெண்நாயாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. பருவம் முடிந்து சில வாரத்தில் தண்ணீரை அளவில்லாமல் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கினால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். ஜூலிக்குப் பத்து வயதில் அப்படி ஆனது. முதலில் காட்டிய இடத்தில், "இந்த வயசுல எதுக்குச் செலவு, கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பிரலாம்" என்றார்கள். நான் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனேன். ரத்தப் பரிசோதனையில் உடம்பு தாங்கும் என்று தெரிந்ததும் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள்.

இப்போது கருப்பன், எங்கள் வீட்டு நடக்க முடியாத நாய். நடக்க முடியாத நாய்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒரு கால் இல்லாத நாய் சில வாரத்தில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். கண் தெரியாத நாய் வீட்டை மூக்காலும் நினைவாலும் மனப்பாடம் செய்துகொள்ளும். கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றாமல் இருந்தாலே பெரிய உதவி. முதுகுத்தண்டு அடிபட்டுப் பின்பாகம் உணர்ச்சி இழந்த நாய்தான் கடினம்.

கருப்பன் அப்படி. தானாக மூத்திரம் போகாது. ஒரு நாளைக்கு நாலு தடவை நாம் எடுத்துவிட வேண்டும். வயிற்றின் பின்பக்கம், தொடைக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் விரல்களை வைத்துத் தேடினால் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் மாதிரி கையில் படும். மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது. மருத்துவர் என் கைமேல் தன் கையை வைத்து இடத்தைக் காட்டிய பிறகுதான் வந்தது. தானாகப் படிக்க முடியாத பாடம் இது, ஆள் பக்கத்தில் இருந்து காட்டித்தான் கற்க வேண்டும். மிச்சம் தங்கினால் கிருமி சேரும், அதனால் நாற்றமோ நிறமோ மாறினால் உடனே காட்ட வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வரும், திருப்பிப் போட வேண்டும்.

பின்பாகத்தைத் தாங்கும் சக்கர வண்டியை என் தம்பி பிவிசி பைப்பில் செய்தான். பழைய குழந்தை வண்டிச் சக்கரம் இரண்டு, இடுப்புக்குக் கீழே துணித்தொட்டில். முதல் நாள் மாட்டியதும் கருப்பன் அசையாமல் நின்றான். தெருக்கோடியில் பால்காரர் மணி அடித்தார், அவ்வளவுதான், சக்கரம் சடசடவென்று உருள ஓடினான். வளைவில் ஒரு சக்கரம் மேலே தூக்கிக்கொண்டது, விழவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. தனக்கு என்ன இல்லை என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் தம்பதிக்கு ஏற்காட்டிலும் ஒரு சின்ன வீடு உண்டு, அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சேலத்து ஏப்ரல், மே வெயில் வயசான நாய்க்கு ஆகாது. நடையை விடியலுக்கு முன் முடித்துவிட வேண்டும். அதற்காக மலை மேல் என்று முடிவு செய்யவும் முடியாது. மழைக்காலத்து ஈரக்குளிரில் மூட்டு இறுகும், புல்லில் அட்டை, காபித் தோட்டத்தில் உண்ணி. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) இறங்கிப் போய்விடும். எல்லாவற்றையும் விட, நடுராத்திரியில் மூச்சு வாங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். சேலத்தில் என்றால் பக்கத்திலேயே மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தூரம். கீழேயே இருக்கட்டும் என்றேன்.

கருப்பனைப் போன்ற ஒன்றை அவர்களுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. வீட்டில் நாள் முழுக்க ஆள் இருந்தும், அவருக்கு முதுகு வலி, குனிந்து தூக்க முடியாது. ஏற்காடு அடிவாரத்தில் அடிபட்ட அந்த நாயை என் தோழி வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள், அங்கே கல்லூரி படிக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். குட்டிக்கு எப்படியும் வீடு கிடைத்துவிடும். ஒன்பது வயது பொமரேனியனுக்குத்தான் வரிசையில் ஆள் இல்லை. சின்ன ஜாதி நாய் பன்னிரண்டு, பதினான்கு வயது வரை கூட இருக்கும். மடியில் தூக்கி வைக்கலாம், ஆட்டோவில் ஏற்றிப் போகலாம். அதை எடுங்கள் என்று சொன்னேன்.

நேற்று அந்த அம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறார்களாம், புது மெத்தை வாங்கட்டுமா என்று கேட்டார். மெத்தை அப்புறம் வாங்கிக்கலாங்க, அது இப்போது படுக்கிற பழைய போர்வையைக் கேட்டு வாங்கிட்டு வாங்க, வந்ததும் துவைச்சுராதீங்க, ரெண்டு வாரம் அந்த வாசனையோடவே கிடக்கட்டும் என்றேன்.