பாதி வேலையில் ஹாட்ஃபிக்ஸ் வந்தால்: ஸ்டாஷா, ஒர்க்ட்ரீயா, இன்னொரு குளோனா?

நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி கிட். அதில் பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்று வசதி) கியூஆர் திரைக்கான பிராஞ்சில், அதாவது மெயின் என்ற முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்த தனிக் கிளையில், நாலைந்து ஃபைல்களில் கைவைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் சப்போர்ட்டிலிருந்து அழைப்பு வரும். 2023 இன்வாய்ஸ் ஒன்றுக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) போட்டால் ஜிஎஸ்டி 9 விழுக்காடு விழுகிறது, 8 தானே வரணும், உடனே பாருங்கள் என்பார்கள். இப்படி அவசரமாகப் போடும் திருத்தம்தான் ஹாட்ஃபிக்ஸ். சிங்கப்பூரில் 9 விழுக்காடு நடப்புக்கு வந்தது 2024 ஜனவரி 1-இல். பழைய இன்வாய்ஸுக்குப் பழைய விகிதம்தான். சாங்கி பிசினஸ் பார்க்கில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டார்: "ஸ்டாஷ் போட்டுட்டு மெயினுக்குப் போய்ட்டா வேலை முடிஞ்சுது. எதுக்குக்கா ஒர்க்ட்ரீ?"

ஸ்டாஷ் என்றால் முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது. ஒர்க்ட்ரீ என்றால் அதே ரெப்போவுக்கு (ப்ராஜெக்ட்டின் கிட் களஞ்சியத்துக்கு) இன்னொரு வேலை ஃபோல்டர். குளோன் என்றால் ரெப்போவின் தனி நகல். ஐந்து நிமிட வேலை என்றால் அவர் சொல்வது சரி. அதற்கு மேல் இழுக்கும் எதற்கும் நான் ஒர்க்ட்ரீ பக்கம்தான்.

ஸ்டாஷின் வசதி அதன் வேகம். சிக்கல், அது எதையெல்லாம் எடுத்து வைக்காது என்பதில் இருக்கிறது. வெறுமனே 'கிட் ஸ்டாஷ்' என்று அடித்தால், கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் ஃபைல்களின் மாற்றங்கள் மட்டும் உள்ளே போகும். நீங்கள் இன்று புதிதாக உருவாக்கிய, இன்னும் ஆட் செய்யாத ஃபைல் அப்படியே ஃபோல்டரில் கிடக்கும். மெயினுக்கு மாறினால் கூடவே வரும். அவசரத்தில் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் சேர்க்கும் 'கிட் ஆட் புள்ளி' அடித்தால், பாதி எழுதிய கியூஆர் சரிபார்ப்பு ஃபைல் ஜிஎஸ்டி ஹாட்ஃபிக்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது கூப்பிடும் ஃபங்ஷன் ஸ்டாஷுக்குள் இருப்பதால் பில்டும் உடையும். 'கிட் ஸ்டாஷ் புஷ் மைனஸ் யூ' என்று அடித்தால் புதிய ஃபைலும் சேர்ந்து போகும். அப்படியே 'மைனஸ் எம்' போட்டு ஒரு பெயரும் கொடுத்துவிடுங்கள். ஸ்டாஷ் பட்டியல் எல்லா பிராஞ்சுக்கும் பொது என்பதால், பெயரில்லாமல் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால், பட்டியலில் தெரியும் பிராஞ்ச் பெயரை மட்டும் வைத்து எதில் என்ன மாற்றம் இருக்கிறது என்று சொல்வது கடினம்.

டபிள்யூஐபி (வேலை இன்னும் முடியவில்லை) என்று ஒரு கமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டுவிட்டு பிராஞ்ச் மாறுவது ஸ்டாஷைவிடப் பத்திரம். வேலை அதன் பிராஞ்சிலேயே தங்கும்; திரும்பி வந்து ஒரு ரீசெட்டில் பிரித்துக்கொள்ளலாம். ப்ரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) கெடுபிடியாக இருக்கும் ரெப்போவில் இந்த வழி எரிச்சல்தான்.

இனி ஒர்க்ட்ரீ. 2015 ஜூலையில் வந்த கிட் 2.5-இலிருந்தே இருக்கிறது, ஆனாலும் பலர் தொட்டுப் பார்ப்பதில்லை. சர்வரில் உள்ள புதியவற்றை ஃபெட்ச் செய்துவிட்டு 'கிட் ஒர்க்ட்ரீ ஆட் மைனஸ் பி கிரெடிட்-நோட் ../கிரெடிட்-நோட் ஒரிஜின்/மெயின்' என்று ஒரே வரி. பக்கத்திலேயே புது ஃபோல்டர், அதில் மெயினிலிருந்து கிளைத்த புது பிராஞ்ச். பேநவ் ஃபோல்டரில் ஒரு எழுத்துகூட அசையாது. எடிட்டரில் திறந்தது திறந்தபடியே இருக்கும். புது ஃபோல்டரில் டாட்-கிட் என்பது பழைய ரெப்போவைக் காட்டும் ஒரு வரி டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். வரலாறு இரண்டுக்கும் ஒன்றே. அங்கே போட்ட கமிட், அந்த பிராஞ்ச் பெயரைக் கொடுத்து லாக் பார்த்தால் இங்கே உடனே தெரியும். புஷ், புல் எதுவும் வேண்டாம்.

கிரெடிட் நோட் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இரண்டு ஃபோல்டரையும் இரண்டு போர்ட்டில் ஓடவிட்டு, ஒரே இன்வாய்ஸை இரு பக்கமும் போட்டு 9-உம் 8-உம் விழுவதை அருகருகே பார்க்கலாம். ஸ்டாஷில் இதற்கு வழியே இல்லை.

தொல்லையும் உண்டு. கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாத ஃபைல்களின் பட்டியலில்) இருப்பவை புது ஃபோல்டருக்கு வராது. அமைப்பு விவரங்கள் உள்ள டாட்-என்வ் ஃபைலைக் கையால் காப்பி செய்யவேண்டும், தேவையான நூலகங்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் மறுபடி ஓடவேண்டும். பெரிய ப்ராஜெக்ட்டில் அதற்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். ஒரே பிராஞ்சை இரண்டு ஒர்க்ட்ரீயில் திறக்கவும் கிட் விடாது. அது நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கமிட் போட மறுபக்கம் குழம்பிப்போகும். முடிந்ததும் 'கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்'. கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் அழிக்க மறுத்து உங்களைக் காப்பாற்றும். ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டவர்களுக்கு, மிச்சமிருக்கும் பதிவைத் துடைக்க 'ஒர்க்ட்ரீ ப்ரூன்'.

தனி குளோனில் எல்லாமே தனி: ஹூக், கான்ஃபிக், ஸ்டாஷ், டிஸ்க் இடமும்கூட. உங்கள் மடிக்கணினியில் உள்ள ஃபோல்டரிலிருந்தே குளோன் எடுத்தால் ஒரிஜின் (புஷ் போய்ச் சேரும் முகவரி) அந்த ஃபோல்டரையே காட்டும். யூஆர்எல்லை மாற்றாமல் புஷ் செய்தால் ஹாட்ஃபிக்ஸ் சர்வருக்குப் போகாது. சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் சேர்த்த இன்னொரு ரெப்போ) நிறைந்த ரெப்போவுக்கு மட்டும் நான் குளோனைத்தான் சொல்வேன். அங்கே ஒர்க்ட்ரீயின் ஆதரவு முழுமையாக இல்லை என்று கிட்டின் ஆவணமே சொல்கிறது.