மூன்று வருடம், 2,600 லிட்டர்: பஜ்ஜி எண்ணெயைச் சுற்றி எடுக்கும் என் மெஷின்

எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நிற்கிற ஆயில் எஞ்சினுக்கு என்னைவிட வயது அதிகம். ராஜ்கோட்டில் வார்த்த லிஸ்டர் வகை, 6 ஹெச்பி, நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு பக்கமும் பெரிய ஃப்ளைவீல், கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களில் நானும் ஒருவன், அதனால் இன்றைக்கும் தண்ணீர் பாய்ச்சுவது அதுதான். மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடவே டீசல் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் ஆனபோதுதான், பொள்ளாச்சியில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் மச்சானின் பழைய எண்ணெய் டின்கள் என் கண்ணில் பட்டன.

பழைய சமையல் எண்ணெயில் இந்த மாதிரி மெதுவான எஞ்சின் ஓடும், அதில் சந்தேகமில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். சிக்கல் எண்ணெயில் இல்லை, அதில் கிடக்கிற மாவு, கரி, உப்புத் தண்ணீரில்தான். முதல் ஆறு மாதம் வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினேன். பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தால் முனையில் மிளகு அளவுக்குக் கரி. துணி மாவை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியாத கரியையும் நிறுத்தாது. அப்புறம்தான் சென்ட்ரிஃபியூஜ் பக்கம், அதாவது வேகமாகச் சுற்றி அழுக்கைப் பிரிக்கும் மெஷின் பக்கம் வந்தேன்.

பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஸ்வீடன்காரர் டி லாவல் 1878இல் செய்தது அந்தச் சங்கதி. வேகமாகச் சுற்றும் கிண்ணத்தில் கனமானது சுவரோடு ஒட்டும், லேசானது உள்பக்கம் நிற்கும். என் கிண்ணம் உள்விட்டம் 18 சென்டிமீட்டர், உயரம் 10. மேல் விளிம்பு உள்பக்கமாக 2 சென்டிமீட்டர் மடிந்திருக்கும். எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கிண்ணத்தின் நடுவில் விழுந்து, சுவரேறி, அந்த மடிப்பைத் தாண்டி வெளியே தெறிக்கும். வெளிக்கூட்டின் சுவரில் பட்டு, கீழே இறங்கி, டின்னுக்குப் போகும். அழுக்கும் தண்ணீரும் மடிப்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று என்பதால் கிண்ணச் சுவரில் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 800 மடங்கு விசை. ஓடும்போது கிண்ணத்தில் நிற்பது ஒரு லிட்டர் எண்ணெய். மணிக்கு 20 லிட்டர் விட்டால் ஒவ்வொரு சொட்டும் மூன்று நிமிடம் உள்ளே சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். வேகமாகத் திறந்துவிட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் அழுக்கும் கூடவே வரும். எனக்கு 20தான் ஒத்துவந்தது.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், யாரும் அந்தத் தப்பைச் செய்யாதிருக்க. சிக்கனம் பார்த்து ஒரு பழைய அலுமினிய பிரஷர் குக்கரின் அடிப்பாகத்தை மோட்டார் ஷாஃப்டில் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சின்னத் திருகாணி வைத்து இறுக்கினேன். வெளிக்கூடு பிளாஸ்டிக் டிரம். ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டாண்டு தரையில் நடக்க ஆரம்பித்தது. நான் ஸ்விட்சுக்குப் போவதற்குள் ஒரு சத்தம். குக்கர் ஸ்க்ரூவை அறுத்துக்கொண்டு டிரம்மைக் கிழித்து, ஷெட்டின் தகரத்தில் போய் இடித்து விழுந்தது. தகரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, என் நெஞ்சு உயரத்தில். எண்ணெய் ஊற்றாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்த நேரம். அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது வெறும் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். கோயம்புத்தூரில் இருப்பதன் லாபம் இது. பம்ப்பும் கிரைண்டரும் செய்கிற ஊரில் சுற்றுகிற பொருளைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "வெல்டு வெச்ச பொறவு லேத்துல ஏத்துறதா, முன்னாடியாங்க?" நான் முழித்தேன். "முன்னாடி கடைஞ்சா வெல்டு இழுத்துரும் தம்பி. ஒட்டிப்போட்டு ஒரே செட்டிங்ல உள்ளேயும் வெளியேயும் கடையோணும்." அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுத்திருப்பேன்.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடுத்த தடித்த பைப் துண்டு, 10 மில்லிமீட்டர் அடித்தட்டு, கடைந்த பிறகு 6 மில்லிமீட்டர் சுவர். மொத்தம் 6 கிலோ. கிண்ணம் வழுக்காமலிருக்க ஷாஃப்டின் காடியில் சாவி என்கிற இரும்புத் துண்டை வைத்து, மேலே போல்ட் போட்டு இறுக்கினோம், கிரப் ஸ்க்ரூவை நம்பவில்லை. பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லர் சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்க்கும் இடத்தில் கொடுத்து இரண்டு இடத்தில் லேசாகத் துளைத்து எடை குறைத்தோம். பேலன்ஸுக்கு இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: சுவரில் 5 கிராம் ஏறுமாறாக இருந்தால், அந்த வேகத்தில் 4 கிலோ எடை சுற்றிச் சுற்றி ஷாஃப்டை இழுப்பதற்குச் சமம்.

வெளிக்கூடு 12 அங்குல இரும்புப் பைப், 6 மில்லிமீட்டர் கனம். மூடி போல்ட் போட்டது. ஸ்விட்ச் ஷெட்டுக்கு வெளியே. இவை மூன்றிலும் நான் பேரம் பேச மாட்டேன்.

செலவு: பழைய அரை ஹெச்பி மோட்டார் 2,200. கிண்ணம், லேத் கூலி சேர்த்து 3,500. பேலன்ஸ் 600. வெளிக்கூடு 1,400. வால்வு, குழாய், ஹீட்டர், பேரிங், சில்லறை எல்லாம் 1,800. ஆக 9,500 ரூபாய். குக்கரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் மனைவியின் கணக்கில் தனியாக இருக்கிறது.

சரி, ஓட்டுவது எப்படி? எண்ணெய் டின்களை முதலில் இரண்டு வாரம் சும்மா நிற்க விடுவேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும், இதில் பொறுமை இல்லாதவர்கள் மெஷினை வீணாக வதைக்கிறார்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறக்கி, கொசுவலையில் வடித்து, 80 டிகிரிக்குச் சூடு பண்ணுவேன். சூடுதான் இந்த வேலையின் உயிர். ஆறின எண்ணெய் தேன் மாதிரி. எத்தனை வேகமாகச் சுற்றினாலும் நுண்ணிய கரி அதில் நகராது. ஒரு மார்கழிக் காலையில் அவசரத்துக்கு 45 டிகிரியில் விட்டுப் பார்த்தேன், கிண்ணத்தில் ஒட்டியது வழக்கத்தில் பாதிகூட இல்லை. இருபது லிட்டரைச் சூடாக்க முக்கால் யூனிட்டுக்குள், சுற்ற அரை யூனிட். கரன்ட் செலவு பத்து ரூபாயைத் தாண்டாது.

தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி எண்ணெயைச் சூடான வாணலியில் விடுவேன். சத்தமில்லாமல் பரவினால் சரி. கடுகு தாளிப்பது போலப் படபடவென்று பொரிந்தால் இன்னொரு தடவை சுற்ற வேண்டும்.

மெஷினை நிறுத்தினதும் கிண்ணத்தில் இருக்கிற ஒரு லிட்டர், சுவரிலிருந்து இறங்கி அடியில் தேங்கும். அதோடு பிரித்து வைத்த தண்ணீரும் இறங்கிக் கலந்துவிடும். தொடக்கத்தில் அதையும் நல்ல டின்னிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன், என்ன மடத்தனம். இப்போது அதை அள்ளி அழுக்கு டின்னுக்கே திருப்பிவிடுகிறேன். அழுக்கு மட்டும் சுவரில் ஒட்டி நிற்கும். கறுப்பு கிரீஸ் மாதிரி, தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் தீய்ந்த மிளகாய். தோசைத் திருப்பியால் வழித்து எடுப்பேன். எந்தக் கடை எண்ணெய் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நேந்திரம் சிப்ஸ் எண்ணெய் என்றால் இருபது லிட்டருக்கு ஒரு ஸ்பூன் அழுக்குத்தான். பஜ்ஜி, போண்டா கடை என்றால் நூறு, நூற்றைம்பது கிராம். சில்லி சிக்கன் எண்ணெயை இரண்டு தடவை வாங்கினேன், மூன்றாவது தடவை வாங்கவில்லை. சாயம், மசாலா, கொழுப்பு, தண்ணீர் எல்லாம் கலந்து, இரண்டு சுற்று விட்டும் செங்கல் நிறம் போகவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சிப்ஸ் எண்ணெயிலும் ஒரு தொல்லை உண்டு. தேங்காயெண்ணெயில் பொரித்தது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தையில் எஞ்சின் டேங்கில் விடிகாலை வெள்ளைக் கட்டியாக நிற்கும். அந்த இரண்டு மாதம் பாமாயில் கலந்து வெயில் ஏறின பிறகுதான் எஞ்சின் பக்கமே போவேன்.

பழுதுகளுக்கு வருவோம். எட்டாவது மாதம் கீழே மோட்டாரில் கரகரவென்று சத்தம். பிரித்தால் மேல் பேரிங்கில் கிரீஸே இல்லை. ஷாஃப்ட் நுழையும் ஓட்டை வழியாகச் சூடான எண்ணெய் கசிந்து இறங்கிக் கிரீஸைக் கழுவிவிட்டிருக்கிறது. கூட்டின் அடித்தட்டில் ஓட்டையைச் சுற்றி 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கழுத்து வைத்து வெல்டு பண்ணி, அதற்கு மேலே கிண்ணத்தின் அடியில் ஒரு தகரக் குடை மாட்டினோம். அதற்குப் பிறகு அந்தப் பேரிங்கைத் தொடவில்லை. அப்புறம் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் ஒன்று வெடித்தது. 6 கிலோ கிண்ணம் முழு வேகம் பிடிக்க எட்டுப் பத்து நொடி ஆகும், அத்தனை நேரமும் கெபாசிட்டர் லைனிலேயே இருக்கும். அன்றைக்கு நான் சூடு பார்க்கிறேன் என்று நான்கு தடவை போட்டுப் போட்டு நிறுத்தினேன். இப்போது காலிக் கிண்ணத்தில் ஒரே தடவை ஸ்டார்ட், வேகம் பிடித்த பிறகு எண்ணெய். வோல்டேஜ் குறைவாக இருக்கும் சாயங்காலத்தில் போடுவதே இல்லை.

இன்னொன்று, எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட்டு, அடுப்புக்குப் போட்டுவிடுகிறேன்.

எஞ்சின் பக்கம் என்ன மாறியது? ஃபில்டர் 150 மணி நேரம் தாங்குகிறது. நாசிலை வருடத்துக்கு ஒரு தடவை கழற்றினால் போதும். டீசலில் கிளப்பி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்த பிறகு எண்ணெய்க்கு மாற்றுவேன், நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மறுபடி டீசல். இதைச் சோம்பலில் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் மறுநாள் ஹேண்டில் சுற்றிக் கை வலித்திருக்கிறது. எஞ்சின் ஆயிலை 100 மணி நேரத்துக்கே மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் சமையல் எண்ணெய் அதைக் கூழாக்கிவிடும். 100 லிட்டர் டீசல் செய்த வேலைக்கு இது 105, 110 லிட்டர் போகிறது. சென்ட்ரிஃபியூஜால் ஆகாதது ஒன்று உண்டு: பலமுறை பொரித்துப் புளித்த எண்ணெயின் அமிலத்தை அது எடுக்காது. செம்புக் குழாய் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், என்னுடையது ஒரே வருடத்தில் பச்சை பிடித்துவிட்டது. மெத்தனால், காஸ்டிக் சோடா வைத்து முறையாக பயோடீசல் செய்யலாமே என்று கேட்பார்கள். பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் மெத்தனால் கேன் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ரோட்டில் ஓடும் வண்டிக்கும் இதை ஊற்றச் சொல்ல மாட்டேன், புது எஞ்சின்களின் நாசிலுக்கு இது எமன்.

மூன்று வருடத்தில் சுமார் 2,600 லிட்டர் சுற்றியிருக்கிறேன். மிச்சம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே லேத்துக்கு ஓடுகிறவர்கள் எண்ணெய் விலையை முதலில் விசாரியுங்கள். நான் ஆரம்பித்தபோது லிட்டர் 35 ரூபாய், இப்போது 58 கேட்கிறார்கள். 2018 ஜூலையிலிருந்து, திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் சேரும் துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணெயைக் கடைகளிலிருந்து வாங்கி பயோடீசலுக்கு அனுப்பும் திட்டமும் அதே வருடம் வந்தது. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அதனால் பெரிய கடை எண்ணெய் எனக்குக் கிடைப்பதில்லை. முன்பு அந்த எண்ணெய் ரோட்டோரக் கடைச் சட்டிக்குத்தான் மறுபடி போய்க்கொண்டிருந்தது, ஆகவே குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் கணக்கு இறுகிவிட்டது. விலை 70 ஆனால் நிறுத்திவிடுவேன்.

வீட்டில் இருந்த ஒரே புகார் வாசனை. "ஊடே பஜ்ஜிக் கடையாட்டம் நாறுது" என்று மனைவி சொன்ன மறுவாரம் ஷெட்டை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் மாற்றிவிட்டேன். இந்த வாரம் மச்சான் இரண்டு டின் அனுப்பியிருக்கிறான், பலாக்காய் சிப்ஸ் பொரித்ததாம். நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடியில் மஞ்சள் தூள் ஒரு விரல்கடை நிற்கிறது. தெளியட்டும் என்று விட்டிருக்கிறேன்.