தோட்டத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் தெர்மல் மோனோகுலர்: பெட்டி மேல் இருக்கும் தூரத்தை நம்பி வாங்காதீர்கள்

தெர்மல் மோனோகுலர் (இருட்டில் உடம்புச் சூட்டை வைத்து ஆளையும் மிருகத்தையும் காட்டும் ஒற்றைக்கண் கருவி) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பெட்டி மேல் 900 மீட்டர், 1200 மீட்டர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெட்டவெளியில் ஒரு ஆள் நின்றால் "அங்கே ஏதோ சூடாக இருக்கிறது" என்று ஒரு புள்ளி தெரிகிற தூரம் அது. தோட்டக்காரனுக்கு அந்தப் புள்ளியால் என்ன பிரயோஜனம்? அது பன்றியா, நாயா, தண்ணீர் கட்ட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க முடியும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, கடைக்குப் போகும் முன் போட்டுப் பாருங்கள். சென்சாரின் புள்ளி அளவு (இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் 12 மைக்ரான்) எவ்வளவோ அதை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தின் மீட்டரால் பெருக்குங்கள். வருகிற விடை மில்லிமீட்டரில், அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி எவ்வளவு அகலத்தை மூடுகிறது என்பது. என்னிடம் இருப்பது 384×288 சென்சார் (குறுக்கே 384 புள்ளி, நெடுக்கே 288), 19 மி.மீ. லென்ஸ். 100 மீட்டரில் ஒரு புள்ளி சுமார் 6 செ.மீ., 300 மீட்டரில் 19 செ.மீ. முக்கால் மீட்டர் நீளமுள்ள நாய் 100 மீட்டரில் பன்னிரண்டு புள்ளி நீளத்துக்கு விழும், வாலும் நடையும் நன்றாகத் தெரியும். அதே நாய் 300 மீட்டரில் நாலு புள்ளிதான், ஓடினால் ஏதோ மிருகம் என்று சொல்லலாம், அவ்வளவே. 256×192 சென்சாரும் 10 மி.மீ. லென்ஸும் உள்ள சின்னக் கருவிகளில் 100 மீட்டருக்கே ஒரு புள்ளி 12 செ.மீ. ஆகிவிடும். வீட்டு வாசலில் இருந்து கட்டுத்தரையைப் பார்க்க அது போதும், ஐந்து ஏக்கருக்குப் போதாது.

நான் இதை இரண்டு இடத்தில் பயன்படுத்துகிறேன். ஒன்று தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம்: வாழை, தென்னை, கொஞ்சம் சின்ன வெங்காயம். மலையிலிருந்து யானை இறங்கும், பள்ளத்து வழியாகப் பன்றி வரும். இன்னொன்று காங்கேயம் பக்கம் மாமனாரின் கொறங்காடு (உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்), அங்கே மேச்சேரி ஆடு. அந்த வட்டாரம் முழுக்கத் தெருநாய்க் கூட்டம் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது ஆடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த துக்கம். இரண்டு இடமும் ஒரே கருவியிடம் வேறு வேறு வேலை கேட்கின்றன, அதனால்தான் லென்ஸ் விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் இருந்த 35 மி.மீ. லென்ஸ் கருவியை வாங்கி எங்கள் தோட்டத்தில் பார்த்தேன். படம் அருமை, தூரத்தில் இருப்பதும் தெளிவு. ஆனால் பார்வைக் கோணம் ஏழரை டிகிரிதான். தோட்டத்துச் சாளை வீட்டுத் திண்ணையில் நின்று வேலி ஓரம் முழுவதையும் பார்த்து முடிக்கக் கழுத்து வலித்துவிடும், அந்தக் கோணத்துக்கு வெளியே இருபதடியில் ஒரு யானை நின்றாலும் கண்ணில் படாது. 19 மி.மீ. லென்ஸில் கோணம் பதினான்கு டிகிரிக்குப் பக்கம், இரண்டு மூன்று வீச்சில் வேலியை முடித்துவிடலாம். மலையடிவாரத் தோட்டத்தில் மரம் மறைக்கிறது, நூறு நூற்றைம்பது மீட்டருக்கு மேல் எப்படியும் நேர்ப்பார்வை கிடைக்காது, அங்கே தூரத்துக்குக் காசு கொடுப்பது வீண். கொறங்காடு அப்படி இல்லை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், அங்கொன்று இங்கொன்றாக வெள்வேல மரம், மற்றபடி திறந்த வெளி. கொறங்காடு மட்டும் வைத்திருப்பவர் 25 மி.மீ. வாங்கினால் சரியாக இருக்கும்.

இது வெளிச்சத்தைப் பெருக்குகிற கருவி இல்லை, பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. அதனால் அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதான். ஆனால் சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தால் உங்கள் முகத்தின் சூடுதான் மங்கலாகத் தெரியும். ஜீப்பில் உட்கார்ந்து பார்ப்பதானாலும் கண்ணாடியை இறக்க வேண்டும். இலையும் அப்படித்தான், இதை நிறையப் பேர் தெரியாமல் வாங்குகிறார்கள். ஆளுயர மக்காச்சோளத்துக்குள் பன்றி படுத்திருந்தால் தெரியாது, தட்டு அசையும் இடைவெளியில் ஒரு நொடி மின்னினால்தான் உண்டு. அடர்ந்த வாழைக்குள் நிற்கும் யானையே துண்டு துண்டாகத்தான் தெரியும், சேறு பூசிக்கொண்டு வந்தால் இன்னும் மங்கல். எனவே கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து வாழைக்குள் இறங்காதீர்கள். வெட்டவெளி என்றால் அது காட்டுவதை நம்பலாம், மறைவு என்றால் நம்பக் கூடாது.

அப்புறம் பருவம். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க வெயில் குடித்த பாறையும் வரப்புக் கல்லும் பொழுது சாய்ந்து வெகுநேரம் சூடாகவே கிடக்கும், கரட்டோரக் காட்டில் முன்னிரவில் பார்த்தால் திரை பூராவும் வெள்ளைப் புள்ளிகள், எது கல் எது முயல் என்று அசைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நடுச்சாமம் தாண்டினால் தெளிந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தரை சீக்கிரம் ஆறி, படம் நன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் சோதனை: மண், இலை, கல் எல்லாம் நனைந்து ஒரே சூட்டுக்கு வந்துவிட, மரமும் வேலியும் சாம்பலாகக் கரைந்து, எந்த வரப்பைப் பார்க்கிறோம் என்பதே பிடிபடாது. இங்கேதான் என்இடிடி என்கிற எண் உதவும், எவ்வளவு சிறிய வெப்ப வித்தியாசத்தைச் சென்சார் பிரித்துக் காட்டும் என்பது அது. மில்லிகெல்வினில் போட்டிருப்பார்கள், குறைவாக இருந்தால் நல்லது. 35 போட்டதையும் 20 போட்டதையும் மழை விட்ட இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். மார்கழி வானம் தெளிவாக இருந்தால் ஆண்டிலேயே சிறந்த படம் அப்போதுதான், மூடுபனி இறங்கிவிட்டால் தெர்மலும் திணறும்.

யானை விஷயத்தில் இந்தக் கருவியின் வேலை ஒன்றே ஒன்று, வாசலை விட்டு இறங்கும் முன் பார்ப்பது. மோட்டார் போட, மாட்டுக்குத் தட்டுப் போட, ஏன், அதிகாலையில் பால் ஊற்றப் போகும்போதுகூட எங்கள் வீட்டில் முதலில் இதை எடுத்து ஒரு சுற்றுப் பார்க்காமல் யாரும் படி இறங்குவதில்லை. தெரிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறை ரோந்துக் குழுவுக்குப் போன் செய்கிறோம், எந்தப் பக்கம் நிற்கிறது, கூட குட்டி இருக்கிறதா என்று சொல்ல முடிவதால் அவர்களும் வேறு வழியாக வருகிறார்கள். கோவை வனக்கோட்டத்தில் மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையோரம் 2024இல் 12 கோபுரங்களில் தெர்மல் கேமராவும் சாதாரணக் கேமராவும் வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகும்படி செய்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் யானையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பான். கருவி கையில் இருக்கிறது என்று பின்னாலேயே போய்ப் படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கொறங்காட்டில் கதை வேறு. அங்கே நாய் பட்டியை நெருங்கும் முன்பே தெரிய வேண்டும். மாமாவுக்கு ஆரம்பத்தில் இதில் நம்பிக்கையே இல்லை. இப்போது அவரே பார்த்துவிட்டு, "மாப்ள, இட்டேரியில மூணு வருதுங்க, முன்னால வர்றது ஓட்டத்துல வருது" என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டார் (இட்டேரி என்றால் இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டிப்பாதை). நடையை வைத்து அடையாளம் காண்பது கொஞ்ச நாளில் வந்துவிடும். நாய் தரையோடு ஒரே சீராக ஓடும், முயல் எகிறி எகிறிப் போகும், மரத்தில் அடைந்த மயில் அசையாத வெள்ளை உருண்டை. தொலைந்த குட்டி வேலி முள்ளில் மாட்டிக் கிடந்தாலும், இலை உதிர்ந்த காலமாக இருந்தால் கிளுவை வேலியை ஒட்டி நடந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், டார்ச்சைப் போட்டு மற்ற ஆடுகளை எழுப்ப வேண்டியதில்லை.

கையாளுவதில் சில விஷயம். பேட்டரி கழற்றி மாற்றும்படி இருப்பதையே வாங்குங்கள், உள்ளேயே பூட்டியது நடுராத்திரியில் தீர்ந்தால் அன்றைய காவல் முடிந்தது. குறிப்பில் போட்டிருக்கும் நேரம் வீடியோ, வைஃபை எல்லாம் அணைத்த நிலையில் சொன்னது. ஒற்றைக் கையால் ஆன் செய்து ஃபோகஸ் திருப்ப முடிய வேண்டும், மறு கையில் தடியோ டார்ச்சோ இருக்கும். நொடிக்கு 9 படம் காட்டுவது வேண்டாம், ஓடுகிற நாய் விட்டு விட்டுத் தெரியும், குறைந்தது 25 இருக்கட்டும். நடுவில் டிக் என்று ஒரு சத்தத்தோடு படம் ஒரு நொடி உறைந்து நிற்கும், சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்வது அது, பழுது இல்லை. சூடானதை வெள்ளையாகக் காட்டும் நிறத்தையே பெரும்பாலும் வைத்திருக்கிறேன். திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணை எடுத்த பிறகு காலடியில் பாம்பு இருந்தாலும் தெரியாது. பாம்பு என்றவுடன் ஞாபகம் வருகிறது: அதன் உடம்பு தரையின் சூட்டிலேயே இருக்கும், தெர்மலை நம்பி அதைத் தேடாதீர்கள், டார்ச்தான் அதற்கு.

காப்புக்காட்டுக்குள் ராத்திரியில் இதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், கையில் இது இருந்தால் வேட்டைக்கு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை. துப்பாக்கியில் மாட்டும் வகையை விற்பனையாளர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குறுக்கே 640 புள்ளி உள்ள பெரிய சென்சார் வாங்கலாமா என்றால், இரண்டு கறவை மாடு வாங்குகிற காசை அதில் போடும் அவசியம் சின்னத் தோட்டத்துக்கு இல்லை. பில்லும் உத்தரவாதமும் இல்லாமல் கைமாறி வருவதைத் தொடாதீர்கள், சென்சார் போனால் பழுது பார்க்க உள்ளூரில் ஆள் கிடைப்பது கஷ்டம். முடிந்தால் கடைக்காரரிடம் ஒரு இரவு கொடுக்கச் சொல்லி, ஏசி அறையில் சுவரைக் காட்டுவதோடு விடாமல், உங்கள் தோட்டத்திலேயே மழை விட்ட ராத்திரியாகப் பார்த்து, உங்கள் நாயை நூற்றைம்பது மீட்டர் தள்ளி வரப்பில் நடக்கவிட்டுப் பாருங்கள். அது நாய் என்று வீட்டில் இன்னொருத்தரும் பார்த்துச் சொல்ல வேண்டும்.