சிவனா, சிவதாணுவா? பேச்சுப் போட்டிக்கு யார்?

நாகர்கோவில் பக்கம் பள்ளிகளில் ‘நம் மாவட்ட விஞ்ஞானி’ என்று தலைப்பு கொடுத்தால், பிள்ளைகள் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவன், பிரம்மோஸ் ஏவுகணை நிறுவனத்தை நடத்திய ஏ. சிவதாணு பிள்ளை என்ற இந்த இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்வார்கள். சிவதாணுவின் பிரம்மோஸ் சிவன் கணக்கில் ஏறிவிடும். அது இருவருக்குமே அநியாயம்.

ஊர், பிறப்பு:
சிவன்: சரக்கல்விளை, 1957.
சிவதாணு பிள்ளை: நாகர்கோவில், 1947.

படிப்பு:
சிவன்: அரசுப் பள்ளியில் தமிழ்வழி, அப்புறம் தெ.தி. இந்துக் கல்லூரி. அதுவரை வேட்டிதான், சென்னை எம்.ஐ.டி.க்குப் போன பிறகுதான் பேன்ட் போட்டார். அப்பா விவசாயி, மாந்தோப்பில் மகனும் வேலை செய்தார்.
சிவதாணு: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி.

வேலை:
சிவன்: 1982-இல் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டம். 2018 முதல் 2022 வரை தலைவர்.
சிவதாணு: ஏவுகணைக்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிவனுக்கு முன்பே, 1969-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர் இவர். எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தில் அப்துல் கலாமோடு வேலை பார்த்தார். 1986-இல் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு மாறினார். 2001-இல் பிரம்மோஸ் முதல்முறை பறந்தபோது பிரம்மோஸ் நிறுவனத்தின் தலைவர் இவர்தான். எனக்கு இந்தத் திருப்பம்தான் ரொம்பப் பிடிக்கும்.

சின்ன வகுப்புப் பிள்ளை என்றால் சிவன்; கதை எளிதில் மனதில் நிற்கும். பிளஸ் டூ மாணவர், நடுவர்களுக்குப் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சிவதாணு பிள்ளையை எடுக்கலாம்.