மலைமேல் லேத்: பழைய நாலரை அடியா, புதிய மினியா?

22 வருடம் கழித்து மறுபடியும் கடைசலில் கை வைத்திருக்கிறேன். கோவையில் வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பழகியது. ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறியதும் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஒரு லேத், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம், போட ஆசை வந்தது. கண்முன் இருந்தவை இரண்டு: கோவையில் கைமாறுகிற, நாலரை அடி நீளப் பெட் (டூல் நகர்கிற அடித்தளம்) உள்ள பழைய பெல்ட் லேத், இல்லையென்றால் மேசைமேல் வைக்கிற புதிய மினி லேத். நான் மினியை எடுத்தேன். கோத்தகிரி நண்பர் அதே மாதம் பழையதை எடுத்தார். இரண்டிலும் வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் சாய்வு மினி பக்கம்.

வெட்டும் வலுவில் பேச்சே இல்லை, பழையதுதான். பல நூறு கிலோ வார்ப்பிரும்பு, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிற பேக் கியர் வேறு. மைல்டு ஸ்டீல் ராடில் ஆழமாக இறக்கினாலும் முனகாது. என் மினி சுமார் 40 கிலோ. துண்டாக வெட்டியெடுக்கிற பார்ட்டிங் டூல் வைத்தால் அதிர்கிறது. வேகத்தைக் குறைத்து, டூலை முடிந்தவரை உள்ளே தள்ளிப் பிடித்து, ஆயில் விட்டுக்கொண்டே போக வேண்டும். விற்கும்போதும் பழையது மேல். காயலான் கடை எடைக்காவது காசு வரும். மலையேற்றுவதில் மட்டும் மினி சுலபம், என் கார் டிக்கியிலேயே வந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் நான் பழையதை விட்டதற்குக் காரணம் துரு.

கூரை ஒழுகிப் பிடிக்கிற துருவைச் சொல்லவில்லை. இங்கே இரும்பு வேர்க்கும். ராத்திரிக் குளிரில் சில்லிட்டுப் போன இரும்பு, காலையில் மூடுபனி விலகி ஈரக்காற்று வெதுவெதுப்பாகி உள்ளே வரும்போதும் குளிர்ந்தே கிடக்கும். காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்துவிடும். எடை கூடக் கூடச் சூடேற நேரமாகும், வேர்க்கிற நேரமும் நீளும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே கதை.

போன நவம்பரில் ஒருநாள் காலை நண்பரின் ஷெட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கடையும் பொருளைப் பிடிக்கிற சக்கின் முகம் குளியலறைக் கண்ணாடி மாதிரி மங்கியது. "பாருங்க" என்று கட்டைவிரலை அதில் அழுத்திக் காட்டினார். துடைத்து எண்ணெய் போட்டோம். அந்த ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வாரம் பார்த்தால் அவர் விரல் ரேகை, சுழி சுழியாக, பழுப்பில் பதிந்திருந்தது. தேய்த்துத் துருவை எடுத்தோம். கறை போகவில்லை.

அவர் முதலில் கேஸ் ஹீட்டர் வைத்தார், இன்னும் மோசமானது. 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாகி அறைக்குள்ளேயே சேரும். பிறகு பிளாஸ்டிக் தாள் போர்த்தினார், ஈரம் அதற்குள் அடைபட்டது. இப்போது பெட்டுக்கு அடியில் மூன்று குண்டு பல்பு, மேலே பருத்திப் போர்வை, பெட்டில் 68ஆம் நம்பர் ஸ்லைடுவே ஆயில். கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அவருக்குக் கிடைக்கிற நேரத்தில் பாதி துடைப்பதற்கே போகிறது.

என் மினி ஒரு பிளைவுட் அலமாரிக்குள் இருக்கிறது. அடியில் ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்பு. எல்இடி உதவாது, வேண்டியது சூடு. மேலே விரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எப்போதும் வெளியைவிடச் சில டிகிரி கூடுதல். இரும்பு காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தால் வேர்வை கிடையாது. மைக்ரோமீட்டரும் டிரில் பிட்டுகளும் அதே தட்டில் தப்பிக்கின்றன. எண்ணெய்த் துணியை மட்டும் பல்பு பக்கம் வைக்கவே கூடாது. இந்த ஏற்பாட்டில் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் கதவைத் திறந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம்.

மினியில் எனக்குள்ள கவலை மோட்டார் வேகத்தை மாற்றுகிற போர்டு. ஒன்றரை வருடம்தான் ஓட்டியிருக்கிறேன். அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல இந்த அனுபவம் போதாது. ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கியர் ஒன்று பல் போனது, ஆழம் கூடக் கொடுத்தது என் தவறு. மறுபடியும் பிளாஸ்டிக்கே போட்டேன். உலோகக் கியர் என்றால் அடுத்த அடி மோட்டாருக்கோ போர்டுக்கோ விழும். பழையதில் இந்தப் பயம் இல்லை. சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்தால் கோவையில் கன்மெட்டல் வெண்கலத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

நான் செய்வது சின்ன நீராவி எஞ்சின்கள். மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சினில் நாலு சிலிண்டர், அதில் இரண்டு பல்சக்கரத்தைச் சுற்றுவதற்கென்றே இருப்பவை. அதைக் குன்னூர் ரயில் ஷெட்டில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. 12 மில்லிமீட்டர் சிலிண்டர், 60 மில்லிமீட்டர் பித்தளை ஃப்ளைவீல், எல்லாம் மினியில் அடங்கும். பம்ப் ஷாஃப்டும் தேயிலை ஃபேக்டரி ரிப்பேரும் பார்க்க நினைப்பவருக்கு மினி சரிப்படாது, அவர் பழையதைத்தான் எடுக்க வேண்டும்.

"வெயிட்டு இருந்தாத்தானுங்க இரும்பு சொன்ன பேச்சு கேக்கும்" என்பார் நண்பர். போன மாதம் 200 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று, மினியில் ஏறவே ஏறாது, அவர் லேத்தில்தான் கடைந்தேன். முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி போல வந்துவிட்டது. பிறகு பெட்டில் படிந்த கருந்தூளை இருவருமாகத் துடைத்து, ஆயில் போட்டு, போர்வை போர்த்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.