கஞ்சாக் கடையை யார் நடத்துவது: கியூபெக் வழியா, ஒன்டாரியோ வழியா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பது சட்டப்படி சரி. ஆனால் கடையை யார் நடத்துவது என்ற முடிவை மத்திய அரசு மாகாணங்களிடமே விட்டுவிட்டதால், அடுத்தடுத்து இருக்கும் கியூபெக்கும் ஒன்டாரியோவும் நேரெதிராகப் போய்விட்டன.

கியூபெக்கில் கடை, ஆன்லைன் எல்லாமே எஸ்.கியூ.டி.சி என்ற அரசு நிறுவனம்தான். மாகாணம் முழுக்க நூறு கடை அளவில்தான் இருக்கும். முதலில் 18 என்று இருந்த வயது வரம்பை 2020 ஜனவரியில் 21 ஆக்கினார்கள். சின்னப் பிள்ளைகளை இழுக்கும் மிட்டாய், சாக்லேட் வகைக்கு அங்கே இடமில்லை. லாபம் தடுப்புப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது.

ஒன்டாரியோவும் முதலில் அரசுக் கடைதான் திட்டமிட்டிருந்தது, 2018இல் டக் ஃபோர்டு ஆட்சிக்கு வந்ததும் அது மாறியது. கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரமும் ஆன்லைனும் அரசிடம், கடைகள் தனியாரிடம். 2019 ஏப்ரலில் குலுக்கலில் தேர்வான 25 பேரோடு ஆரம்பித்து, பிறகு கட்டுப்பாட்டைத் தளர்த்த, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வயது வரம்பு 19.

ஒன்டாரியோ வழியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது: வீட்டுப் பக்கத்திலேயே, போட்டி விலையில் சட்டப்படி கிடைத்தால் கள்ளச் சந்தைக்காரனிடம் எதற்குப் போகவேண்டும்? கியூபெக்கின் சிற்றூர்க்காரருக்கு ஆன்லைன்தான் கதி. ஆனால் டொராண்டோவில் குயின் தெரு மேற்கில் நடந்தால் ஒரு கடைக்கு எதிரே இன்னொரு கடை. வாடகை கட்டவேண்டிய அத்தனை பேருக்கும் இன்னும் அதிகமாக விற்றே ஆகவேண்டிய கட்டாயம், எனக்குப் பயமே அதில்தான்.

அரசு நடத்தினால் நஷ்டம் என்பவர்கள் அரசே கடை நடத்தும் இன்னொரு மாகாணமான நியூ பிரன்சுவிக்கைப் பார்க்கட்டும். முதல் வருட நஷ்டத்தில் பதறி 2019இல் கடைகளைத் தனியாருக்குக் கொடுக்கக் கிளம்பினார்கள், அப்புறம் லாபம் வரவே 2021இல் அந்த எண்ணத்தையே கைவிட்டார்கள்.

அதனால் என் ஓட்டு கியூபெக்குக்கு. அவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மத்தியச் சட்டம் வீட்டுக்கு 4 செடி வளர்க்க விடுகிறது, கியூபெக் அதையும் தடுத்தது, 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. எனக்கு அது தேவையில்லாத கெடுபிடியாகத்தான் படுகிறது.

ஆனால் கெடுபிடியைப் பிறகு தளர்த்திக்கொள்ளலாம். ஒன்டாரியோவில் கடை வேண்டுமா என்பதை அந்தந்த நகரமே முடிவுசெய்ய விட்டார்கள்; வேண்டாம் என்று ஒதுங்கிய மார்க்கம் மாதிரி நகரம் நாளைக்கு வேண்டும் என்று மனம் மாறலாம். ஒருமுறை சரி என்று சொன்ன நகரத்துக்குத் திரும்பி வர வழியே கிடையாது.